ஐம்பத்திரண்டு கிலோ

மூன்றாவது மாடியில் வீடு, லிஃப்ட் கிடையாது. டயாலிசிஸ் நாட்களில் கோமளாவை ஆட்டோக்காரர்தான் கீழே தூக்கிக்கொண்டு போவார். அவள் கணவன் தணிகைவேல், ஊதினால் பறந்துவிடும் உடம்பு, அவளுடைய செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் இறங்குவான்.

“கூச்சமா இருக்குங்க. நீங்களே தூக்கினா தேவல,” என்றாள் ஒருநாள்.

ஆஸ்பத்திரியில் அவள் எடை ஐம்பத்திரண்டு கிலோ என்று எழுதியிருந்தார்கள். அவன் ஒரு சாக்கில் இருபது கிலோ மணலைக் கட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தினமும் காலையில் படியேறி இறங்கினான். வாரம் ஒரு கிலோ கூட்டினான். பச்சை முட்டையை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். கண்ணாடியில் விலா எலும்புகள் அப்படியேதான் தெரிந்தன.

நான்கு மாதம் கழித்து, மூட்டை முப்பத்தாறு கிலோவுக்கு வந்திருந்த வாரம், ஆட்டோக்காரரை மேலே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளைத் தூக்கினான். முதல் படியிலேயே அவன் கைகளுக்குத் தெரிந்துவிட்டது. மூட்டையைவிட அவள் லேசாக இருந்தாள்.

“எங்கயும் நிக்கவே இல்ல, பாருங்க!” கோமளா அவன் புஜத்தை அமுக்கிப் பார்த்துச் சிரித்தாள். “மூட்டை இப்ப எத்தனை கிலோ?”

“அம்பத்திரெண்டு,” என்றான்.