கிரேன் புரோகிராம் பிடித்த இடம்

"இது யார் வீட்டுக் குழந்தை, ஸ்டெல்லா?" என்று இன்றும் மனைவியிடம் கேட்டான் இருதயராஜ். சிப் வைத்த அவன் தலைக்குள் பெற்ற மகளின் முகம் தங்க இடமில்லை. இடம் பண்ணுவதற்காகக் கல்யாண நாளின் நினைவைக்கூட அழித்துப் பார்த்தாயிற்று.

மெக்கானிக் அவன் பிடரியில் வயரைச் செருகிப் பார்த்தான். "அக்கா, துறைமுகத்துல ஏத்திவிட்ட கிரேன் புரோகிராம் திரையில கடுகளவுதான் காட்டுது. உள்ள பாதித் தலையை முழுங்கிட்டு உக்காந்திருக்கு."

"வேலை போனா போகுது தம்பி, எடுத்துருங்க" என்றாள் ஸ்டெல்லா.

"அது வளர்ந்து, அண்ணன் நினைவுல இருக்கிற உங்க முகத்தோட பின்னிக் கிடக்கு. எடுத்தா உங்க முகமும் சேர்ந்து போயிரும்."

"இவ மூஞ்சியாவது, மறக்கிறதாவது!" என்று சிரித்தான் இருதயராஜ்.

ஸ்டெல்லா குழந்தையை அவன் மடியில் கிடத்தினாள். அவன் கண்ணில் படாதபடி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, மெக்கானிக்கைப் பார்த்துத் தலையசைத்தாள்.