குமிழி நிற்கும் வரை

"இந்த வண்டிக்குக் கூலன்ட் ஊத்தின புண்ணியவான் யாரு?" பானெட்டுக்குள் தலையை விட்டபடியே மெக்கானிக் கேட்டார்.

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"நான்தான்."

"ஊத்தினா மட்டும் போதுமா சார்? உள்ள இருக்கிற காத்தை யாரு வெளியேத்துறது? எஞ்சினை ஓட விட்டு, இந்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, குமிழி நிக்கிற வரைக்கும் பொறுமையா இருக்கணும். காத்து அடைச்சுக்கிட்டா சூடு ஏறத்தானே செய்யும்? நல்லவேளை, ஆவி வந்ததும் நிறுத்திட்டீங்க. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா எஞ்சினுக்குச் சங்குதான்!"

"தெரியாம செஞ்சுட்டேன்ப்பா."

பள்ளிக்கூடத்தையே ஒற்றை முறைப்பில் அடக்கி வைத்திருந்த தலைமையாசிரியர், ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஒரு பட்டறை வாசலில் தலைகுனிந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வேறு வேடிக்கை பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் மாமனார் அவனிடம் ஒரு வேலை சொன்னதில்லை. நேற்று சாயங்காலம்தான் முதன்முதலாக, "கூலன்ட் மாத்தணும், நீங்களே செஞ்சிடுங்க மாப்பிள்ளை" என்று சாவியைக் கையில் கொடுத்தார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. திருகைத் தளர்த்தி, குமிழி அடங்கும் வரை அரை மணி நேரம் குந்தியே கிடந்தான். அப்படியும் எங்கோ கோட்டை விட்டிருக்கிறான். கிடைக்காமல் கிடைத்த நம்பிக்கை, ஒரே ராத்திரியில் ஆவியாகப் போய்விட்டது. போதாததற்கு, அவன் மானத்தைக் காப்பாற்ற அவர் தன் மானத்தை விட்டுக்கொண்டிருக்கிறார். 'நான்தான் ஊத்தினேன்' என்று சொல்ல இவனுக்கு இன்னும் வாய் வரவில்லை.

மெக்கானிக் காற்றை எடுத்து, மூடியை இறுக்கினார். "இனிமே விவரம் தெரிஞ்சவங்க கையில விடுங்க சார்" என்று கடைசியாக ஒரு குட்டும் வைத்துத்தான் அனுப்பினார்.

வண்டி ஓடியது. சிக்னலில் நின்றபோது மாப்பிள்ளைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மாமா, நான் செஞ்ச தப்புக்கு நீங்க பேச்சு வாங்கினீங்க. நான் மரம் மாதிரி நின்னுட்டேன். என்னை மன்னிச்சுடுங்க."

மாமனார் அவன் பக்கம் திரும்பவே இல்லை. குரல் மட்டும் மெல்ல வந்தது.

"நீங்க எந்தத் தப்பும் செய்யல மாப்பிள்ளை. நீங்க செஞ்சதுல எனக்கு நம்பிக்கை வரல... விடியக்காலையில எழுந்து, எல்லாத்தையும் வடிச்சு, நான்தான் மறுபடியும் ஊத்தினேன்."