ஸ்பீக்கர் திரும்பிய பக்கம்

உமாபதி தன் சொந்தப் பாட்டைத் தொடங்கி முதல் சரணத்தில் பாதிகூடத் தாண்டவில்லை. மேடைக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து ஒருத்தன் விறுவிறுவென்று ஏறினான். கூட்டத்தைப் பார்த்துக் கட்டியிருந்த பெரிய ஸ்பீக்கர் குழாயைப் பிடித்து, அப்படியே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் பக்கம் திருப்பிவிட்டான்.

"இன்னும் கொஞ்சம்! இன்னும் கொஞ்சம்!" என்று கீழே நின்று கை காட்டியவர் தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இராமையா. கோயில் தலைவரே அவர்தான்.

உமாபதிக்கு முகம் செத்துப்போனது.

பாட்டைத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ஓடிவந்து இராமையாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். அவர் முகம் மாறியது. உடனே ஏணிக்காரனைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் உமாபதி மேடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

இந்த ஒரு பாட்டுக்காகக் காலையிலிருந்து பாலகிருஷ்ணனிடம் அவன் எவ்வளவு கெஞ்சியிருப்பான்! இசைக்குழு அவருடையது. சுங்கை பெசார், தஞ்சோங் காராங், இன்றைக்குப் பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் என்று திருவிழாவுக்குத் திருவிழா வேனில் ஓடுகிற குழு.

"சொந்தப் பாட்டெல்லாம் வேணாம்லா, உமா. படத்துப் பாட்டுன்னாத்தான் சனம் உக்காரும். நீ எழுதுனத ஆரம்பிச்சா ஐஸ் கச்சாங் வாங்க எந்திரிச்சுப் போயிடுதுங்க."

"இன்னைக்கு ஒரு தடவ பாடிப் பாத்துடறேன் அண்ணே. என் பாட்ட நெஜமா கேக்குறதுக்கு ஒரே ஒரு ஆள் இருந்தாப் போதும். இல்லேன்னா ரவாங்குல மச்சான் பாத்து வச்சிருக்கிற பேக்டரி வேலைக்குப் போயிடறேன். அப்புறம் எழுதவே மாட்டேன்."

"பேச்சு மாறக் கூடாது."

"மாறமாட்டேன்."

தன் பெயர் போட்ட கேசட் ஒன்று கடையில் தொங்க வேண்டும் என்று கனவு கண்டவன், அந்தச் சத்தியத்தை அப்படித்தான் செய்தான்.

அவன் எழுதியிருந்தது, விடியுமுன்னே வேலைக்குப் போன புருஷனுக்காகப் பெண்சாதி காத்திருக்கிற பாட்டு. முதல் சரணத்தில் அவள் கேட்பாள். இரண்டாவது சரணத்தில் அவன் பதில் சொல்வான். இரண்டையும் உமாபதியே பாடுவான்.

*"வெள்ளி முளைக்கும் முன்னே வெளிக்கிளம்பிப் போனவரே,
விளக்கு வைக்கும் முன்னே வீடு வந்து சேருவீரோ?"*

"பாட்டுச் சரியா கேக்கலையே!" என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்.

"கேக்காட்டி நல்லதுதான், சும்மா இரு!" என்றான் இன்னொருத்தன்.

சிரிப்பு எழுந்தது.

படத்துப் பாட்டு பாடும் வரைக்கும் கூட்டத்தைப் பார்த்த குழாய், என் பாட்டு என்றதும் முதுகைக் காட்டுகிறது. இதைவிட வேறு என்ன பதில் வேண்டும்? இனி யாருக்காக எழுத?

முதல் சரணம் முடிந்ததும் உமாபதி கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினான். பாலகிருஷ்ணனிடம் ஒரு படத்துப் பாட்டின் பெயரைச் சொன்னான். அவர் ஆர்கனில் கை வைத்ததுமே திடலில் விசில் பறந்தது.

ஏணிக்காரன் அரக்கப்பரக்க மறுபடியும் ஏறிக் குழாயைக் கூட்டத்தின் பக்கமே திருப்பினான்.

'பார், எப்படித் திரும்புகிறது!' என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாடி முடித்தான் உமாபதி.

இராமையா மூச்சு வாங்க மேடையேறி வந்தார்.

"ஏன் தம்பி பாதியிலேயே நிறுத்திட்டீங்க?"

உமாபதி மைக்கைக் கையால் பொத்தினான். "புடிக்காதவங்களுக்கு எதுக்குங்கய்யா பாடணும்? குழாயத் திருப்புனீங்களே, பாத்தேன்."

"அட, அதுவா!" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கடைசி லயத்துல துக்க வீடு தம்பி. நம்ம அர்ஜுனன். கோயில்ல காப்பு கட்டறதுக்கு மொத நாளு செம்பனைக் குலை வெட்டப் போன எடத்துல நெஞ்ச புடிச்சுக்கிட்டு விழுந்துட்டான். பதினாறாம் நாள் காரியங்கூட இன்னும் முடியல. திருவிழாச் சத்தம் அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னுதான் குழாயெல்லாம் இந்தப் பக்கம் பாத்துக் கட்டச் சொன்னேன்."

"அப்போ என் பாட்டுக்கு மட்டும்...?"

"அவன் சம்சாரம் அமராவதி, மூலையில சுருண்டு கெடந்த புள்ள. லேசா காத்துல உங்க பாட்டு வந்ததும் எந்திரிச்சு உக்காந்து, தங்கச்சிய எங்கிட்ட ஓடவிட்டிருக்கு. இந்தப் பாட்டுக்கு மட்டும் குழாய நம்ம வீட்டுப் பக்கம் திருப்பச் சொல்லுன்னு."

"என் பாட்டு அவங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்?"

"என்ன தம்பி, நீங்க சுங்கை பெசார்ல பாடுனத அர்ஜுனன் கேட்டிருக்கான். அப்புறம் தஞ்சோங் காராங்ல பாடுறீங்கன்னு தெரிஞ்சு மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு அங்கயும் ஓடுனான். வீட்டுல எந்நேரமும் அதே பாட்டுத்தான். பொண்டாட்டி கேக்குறத அந்தப் புள்ள பாடும், புருஷன் பதில இவன் பாடுவான். லயமே சிரிக்கும்."

உமாபதி லயங்களின் பக்கம் பார்த்தான். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது.

"ரவாங்குக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிடு மச்சான்கிட்ட," என்று முணுமுணுத்தபடி பாலகிருஷ்ணன் அந்தப் பாட்டின் சுருதியைப் பிடித்தார்.

"குழாயத் திருப்பச் சொல்லிட்டேன் தம்பி," என்றார் இராமையா. "அவ கேக்குறதோட நிறுத்திட்டீங்க. அந்தப் புள்ள அவன் பதிலுக்காக வாசல்ல வந்து நிக்குது."