பதிவு செய்த பல்

தணிகாசலம் ஒரு பிஸ்கட்டைக் கடித்தால், ஆப்பிரிக்காவின் மலாவியில் குழந்தை சிசோமோவுக்கு ஒரு கரண்டி நிலக்கடலைக் கூழ் கிடைக்கும். பிஸ்கட் கம்பெனியின் தர்மம் அப்படி. டப்பா மூடியில் பதித்த சின்னத் திரையில் இவருக்கு அவளும் அவளுக்கு இவரும் தெரிவார்கள். வாடிக்கையாளர் பதிவு செய்த பல்தான் கடிக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

எலும்பும் தோலுமாய் இருந்த சிசோமோவுக்கு இப்போது கன்னத்தில் சதை வைத்திருந்தது. தணிகாசலத்துக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது.

"இன்னும் தின்னா கால எடுக்கணும்னு டாக்டர் சொன்னது காதுல விழலையா?" என்றாள் மனைவி அம்சவேணி.

"புள்ள வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்குடி. மூடிக்கோன்னா சொல்றது?"

"நகருங்க, நான் கடிக்கிறேன்."

"உன் பல்லு செல்லாது. பதிவு பண்ணது என் பல்லு."

அம்சவேணி அவர் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அதைக் கழட்டிக் குடுங்க."

பல் செட்டைக் கையில் பிடித்து, பாக்குவெட்டியால் வெட்டுவது போல ஒரு பிஸ்கட்டை நறுக்கினாள். மூடியில் கரண்டி வந்தது. ஆளே இல்லாமல் பல் மட்டும் தின்பதைப் பார்த்து சிசோமோ வாய் கொள்ளாமல் சிரித்தாள். தணிகாசலமும் பொக்கை வாயோடு சிரித்தார்.

அந்தச் சின்ன வாய் மூடுவதற்குள் அம்சவேணி அடுத்த பிஸ்கட்டை நறுக்கினாள்.