ஓடை நடந்த வழி

நாலுவழிச் சாலைக்காகப் பக்கத்து ஊரில் ஓர் ஓடையை மூடிவிட்டார்கள். அதற்கு ஈடாக, இந்த ஊரில் எப்போதோ தூர்த்த ஓடையைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவு. அது எங்கெங்கே வளைந்தது என்பது மாடத்திக்கு மட்டும்தான் தெரியும். அவள் முன்னால் நடக்க, சர்வேயர் செல்வின் சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே பின்னால் வந்தார்.

“நேராப் போயிருவோமாக்கா? கோடு போட லேசு.”

“தண்ணி என்ன உங்க டேப்பப் புடிச்சிக்கிட்டா போச்சு? இடது பக்கம் வாங்க சார்.”

இடது பக்கம் அவள் வீடு இருந்தது. போன தையில்தான் ஓடு மாற்றியிருந்தாள். செல்வின் நின்றுவிட்டார்.

“பத்தடி தள்ளிப் போட்டா வீடு தப்பிச்சிரும்க்கா. யாருக்குத் தெரியப்போவுது?”

“ஓடைக்குத் தெரியும்லா? எங்க மாமனார் மண்ணடிச்சு மூடுன நாள்லருந்து, ஐப்பசி மழைக்கு வாசப்படி ஏறி உள்ள வந்து, அடுப்ப அணைச்சிட்டுப் பின்வாசல் வழியாப் போவுது. நாந்தான் வாளியும் கையுமா இறைச்சிக்கிட்டுக் கெடக்கேன்.”

“சரி, நீங்க எங்க போவீங்க?”

“அதுவும் இத்தன வருசம் போக்கிடம் இல்லாமத்தான சார் சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு.”

மாடத்தி முன்கதவைத் திறந்தாள். உள்ளே போய், அடுப்பைத் தாண்டி, பின்கதவையும் விரியத் திறந்துவைத்தாள். வீட்டுக்குள் காற்று புகுந்து அந்தப் பக்கமாய்ப் போயிற்று.

செல்வின் சுண்ணாம்புச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றப் போனார்.

“கெடக்கட்டும் சார்,” என்றாள் மாடத்தி. “அப்படியே வாங்க.”