பத்தாவது லெவல்

“அந்த கேம்ல பத்தாவது லெவலே இல்ல, ரூபேந்திரன்.”

பிரீத்தி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். திரையில் ‘காப்பர் டன்னல்’ விளையாட்டின் லெவல்கள் வரிசையாக இருந்தன. ஒன்பது பெயர்கள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

“இருக்கு மிஸ். நான் விளையாடியிருக்கேன்.”

“அலமாக்,” என்று அலுத்துக்கொண்டு அவள் நெற்றியைத் தேய்த்தாள். “எங்கப்பா இத சிங்கப்பூர்ல வாங்கிக் குடுத்தாரு. நான் மூணு தடவ முடிச்சிருக்கேன். ஒம்போதாவது லெவல்ல ரயில் வெடிக்கும், செஞ்சவங்க பேரு ஓடும், முடிஞ்சிடும்.”

“எனக்குப் பேரு ஓடல. குகைதான் வந்துச்சு.”

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த வீடியோ கேம் நிறுவனம். புது விளையாட்டுகளை விளையாடிப் பார்த்துப் பிழை சொல்ல ஓர் ஆள் வேண்டும். காலையிலிருந்து நேர்முகத்துக்கு வந்த எல்லாரிடமும் பிரீத்தி முதலில் கேட்டது ஒன்றுதான்: உங்களால் மறக்க முடியாத லெவல் எது? எல்லாரும் இணையத்தில் படித்துவிட்டு வந்து ஒரே பதிலை ஒப்பித்தார்கள். அது சலிப்பாக இருந்தது. இவன் இல்லாத ஒன்றைச் சொல்லி அதைவிட மோசமாகக் கழுத்தை அறுத்தான்.

ரூபேந்திரன் செடெனாக் பக்கம் ஒரு கிடங்கில் இரவு வேலை முடித்துவிட்டு நேராக வந்திருந்தான். கண் எரிந்தது. இன்னும் ஒரு வருடம் அங்கே பெட்டி தூக்கினால் முதுகு போய்விடும். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனை வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

மேசையின் மறுகோடியில் முதலாளி காசிவிஸ்வநாதன் பால் சேர்க்காத ஐஸ் தேநீரான தே ஓ ஐஸை உறிஞ்சிக்கொண்டிருந்தார். இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தலைக்கு மேலே, திருட்டு டிஸ்க் வாங்காதீர்கள் என்று மலாயில் எழுதிய சுவரொட்டி ஒட்டியிருந்தது.

“சரி, நீங்க எங்க வாங்குனீங்க?” என்றாள் பிரீத்தி.

“மூவார் பாசார் மாலாம்ல. சின்னப் பையனா இருக்கறப்ப.”

“ராத்திரிச் சந்தையில ஒரிஜினலா விப்பாங்க?”

“இல்ல மிஸ். திருட்டு டிஸ்க்தான்.”

பிரீத்தி சுவரொட்டியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். “கேம் கம்பெனிக்கு வேல கேட்டு வந்து, திருட்டு டிஸ்க்ல விளையாடுனேன்னு சொல்ற மொத ஆளு நீங்கதான்லா.”

“மூவார்ல அப்ப ஒரிஜினல யாரு மிஸ் கண்ணால பாத்தா?”

உறிஞ்சும் சத்தம் நின்றது.

“திருட்டு டிஸ்க்னாலும் அதே கேம்தானே?” என்றாள் பிரீத்தி. “காப்பி அடிக்கிறவன் ஒக்காந்து புது லெவலா செஞ்சு குடுப்பான்? வேற எதையோ இதோட போட்டுக் கொழப்பிக்கிட்டீங்க.”

“கொழப்பல.”

“அப்ப பொய் சொல்றீங்க.”

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. “பொய் சொல்றதா இருந்தா நல்ல லெவலா பாத்து சொல்லியிருப்பேன் மிஸ். இது படு மட்டம். லிஃப்ட் இருக்கும், ஏறாது. வௌவால் வரும், நம்மள ஒண்ணும் செய்யாது, செவுத்துல முட்டிக்கிட்டே நிக்கும். அந்த செவுரு பூரா எவனோட கணக்கு நோட்டோ, அல்ஜிப்ராவா ஒட்டி வச்சிருப்பான். அதுலயும் தப்பு.”

“அவ்ளோ மட்டம்னா அத ஏன் சொல்றீங்க?”

“கடைசியில ஒரு பள்ளம் வரும். மத்த ஒம்போது லெவல்லயும் பள்ளத்துல விழுந்தா செத்துடுவோம். இதுல குதிச்சாதான் வழி. அம்புக்குறி கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பள்ளிக்கூட லீவு பூரா அந்த ஓரத்துலயே நின்னேன். இத செஞ்சவன் கையில கெடச்சா ரெண்டு அறை விடணும்னு இருந்துச்சு. ஒரு நாளு கடுப்புல குதிச்சேன். கீழ தரை இருந்துச்சு.” அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். “அதுக்கு அப்புறம் எத்தனையோ விளையாடிட்டேன். வேற எதுவும் மனசுல நிக்கல.”

பிரீத்தி மடிக்கணினியை மூடினாள். “நன்றி. தேவப்பட்டா கூப்பிடுறோம்.”

கூப்பிட மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். கதவுவரை போய்விட்டான்.

“எது தப்பு?”

காசிவிஸ்வநாதன்தான் கேட்டார்.

“என்ன பாஸ்?”

“செவுத்துல இருந்த கணக்கு தப்புன்னீங்களே. எது தப்பு?”

“லிஃப்டுக்கு மேல ஒரு வரி. மைனஸ மைனஸால பெருக்கிட்டு மைனஸ்னே போட்டிருப்பான். அதுக்குக் கீழ வர்ற எல்லாமே கோணலு.”

முதலாளி கோப்பையிலிருந்து ஓர் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டார். “திங்கக்கிழம வேலைக்கு வந்துடுங்க.”

“பாஸ்,” பிரீத்தியின் பொறுமை தீர்ந்துவிட்டது. “நெட்ல பூரா தேடிட்டேன். அந்த லெவலப் பத்தி ஒலகத்துல ஒருத்தன்கூட பேசல.”

“பேச மாட்டாங்க. மூவார்ல எங்க மாமா வித்த டிஸ்க்ல மட்டுந்தான் அது இருந்துச்சு,” என்றார் காசிவிஸ்வநாதன், ஐஸ் கட்டியைக் கடித்தபடி. “நான் அத செஞ்சு முடிச்ச மறுநாளு எனக்கு எஸ்பிஎம் பரீட்சையில கணக்குப் பேப்பரு. அந்த மைனஸ அங்கயும் அப்படியேதான் போட்டுட்டு வந்தேன்.”