இருபது நிமிடம்

மதியம் இரண்டு பத்துக்கு ஜெபக்கனி டைமரின் குமிழை இருபதுக்குத் திருகி, கணவர் தவசிமுத்துவின் வலது கையில் கொடுத்துவிட்டுப் படுத்தாள். பக்கவாதம் அவருக்கு விட்டுவைத்தது அந்தக் கையைத்தான்.

காலையில் அதே டைமரை ஐந்துக்கு வைத்து அவருடைய இடது காலைத் தூக்கித் தூக்கி இறக்குவாள். "ஏட்டி, போதும் விடு. நீ போலீஸ்ல சேந்திருக்கணும்" என்று கத்துவார். மணி அடிக்கும்வரை விடமாட்டாள். இரவெல்லாம் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருந்ததால், அவளுக்கென்று இருந்தது மதியத்து இருபது நிமிடம்தான். சில மாதங்களாக அது போதவில்லை. எழுந்தால் தலை சுற்றியது. டாக்டர் ரத்தம் குறைவு என்று மாத்திரை எழுதினார். டைமர் இருக்கிறதென்று எழுந்ததும் அவள் கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை.

அன்று கரண்ட் போனது. மின்விசிறி நின்ற அமைதியில், கிர்ரென்று ஏதோ திருகும் சத்தம் கேட்டு அவள் இமையை லேசாகத் திறந்தாள். அவர் டைமரை நெஞ்சில் அழுத்திவைத்து, அவளைப் பார்த்தபடியே குமிழைப் பூஜ்யத்தை நோக்கி நகர்த்திக்கொண்டிருந்தார். கொஞ்சம் திருகுவார், நிறுத்துவார், மறுபடி திருகுவார். எந்தப் பயிற்சியையும் அவர் அவ்வளவு பொறுமையாகச் செய்ததில்லை.

மணி அடித்தது.

"எந்திரிட்டி, இருபது ஆயிட்டு. நல்லா அசந்துட்ட போல" என்றார்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவருடைய கடைவாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள்.

"இத்தன நாளும் எனக்கு எத்தன நிமிஷம் தந்தீக?"